யாரும் தேடச் சொல்லாத ஷான் ரீகன்

ஹாவர்ட் ஹாக்ஸ் இயக்கி 1946ல் வந்த 'தி பிக் ஸ்லீப்' படத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைச் சொல்வார்கள். ஒன்று, கதை புரியாது. இரண்டு, ஹம்ப்ரி போகார்ட்டும் லாரன் பகாலும் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். இரண்டாவதை ஒப்புக்கொள்கிறேன். முதலாவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். யார் யாரைக் கொன்றார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே பார்த்தால் குழப்பம்தான். காணாமல் போன ஒரே ஒருவனை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள், படம் முழுக்க ஒரே நேர்கோட்டில் போகும்.

அவன் பெயர் ஷான் ரீகன். படத்தில் அவன் முகத்தை ஒரு நொடிகூடக் காட்ட மாட்டார்கள். முடிவு வரை எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன், அதனால் படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

லாஸ் ஏஞ்சலிஸில் பெரும் பணக்காரரான ஜெனரல் ஸ்டெர்ன்வுட் வீட்டுக்குத் தனியார் துப்பறிவாளன் பிலிப் மார்லோ வருகிறான். ஜெனரல் இருப்பது கண்ணாடியால் ஆன செடிக் கொட்டகையில். உள்ளே ஆர்கிட் செடிகள், தாங்க முடியாத புழுக்கம். சக்கர நாற்காலியில் கம்பளி போர்த்திக்கொண்டு அந்த முதியவர் உட்கார்ந்திருக்கிறார். உயிரோடு இருக்கவே அவருக்கு அந்தச் சூடு வேண்டும். மார்லோவுக்கோ சட்டை நனைந்து ஒட்டிக்கொள்கிறது. தன்னால் குடிக்க முடியாது என்பதால் மார்லோவுக்குப் பிராந்தி கொடுத்து, அவன் குடிப்பதை ஆசையோடு பார்க்கிறார். சார்லஸ் வால்ட்ரன் என்ற நடிகர். படம் வெளியாவதற்குச் சில மாதங்கள் முன்பே இறந்துவிட்டார்.

அந்தக் காட்சியில் ஜெனரல் இரண்டு விஷயம் பேசுகிறார். முதலாவது பிளாக்மெயில். இளைய மகள் கார்மென் கையெழுத்துப் போட்ட கடன் சீட்டுகளை வைத்துக்கொண்டு கைகர் என்ற புத்தக வியாபாரி பணம் கேட்கிறான். இதற்கு முன்பும் கார்மெனை விட்டு விலகுவதற்காக ஜோ பிராடி என்பவனுக்கு 5,000 டாலர் கொடுத்திருக்கிறார். இதையெல்லாம் பால் கணக்குச் சொல்வதுபோல் சொல்லி முடித்துவிடுகிறார். இரண்டாவது ஷான் ரீகன். ஒரு காலத்தில் ஐரிஷ் விடுதலைப் படையில் இருந்தவன், பிறகு மெக்சிகோவிலிருந்து சாராயம் கடத்தியவன், கடைசியில் ஜெனரலிடம் வேலைக்கு வந்து சேர்ந்தவன். வேலை என்றால் கூட உட்கார்ந்து பேசுவது, அவருக்குப் பதிலாகக் குடிப்பது. ஒரு மாதத்துக்கு முன்பு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போய்விட்டான். இதைச் சொல்லும்போது அந்தக் கிழவரின் குரல் மாறுகிறது. மகள்களைப் பற்றிப் பேசும்போது வராத ஏதோ ஒன்று அங்கே வருகிறது.

ஆனால் மார்லோவிடம் அவர் ஒப்படைக்கும் வேலை கைகர் மட்டும்தான். ஒரு நாளைக்கு 25 டாலர், செலவு தனி. ரீகனைக் கண்டுபிடி என்று அவர் கேட்கவே இல்லை.

கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் மூத்த மகள் விவியன் கூப்பிட்டனுப்புகிறாள். அவள் தெரிந்துகொள்ளத் துடிப்பது ஒன்றுதான்: அப்பா ரீகனைத் தேடத்தான் உன்னை வரவழைத்தாரா? அப்புறம் படம் நெடுக இதே கேள்வி. போலீஸ் தரப்பில் மார்லோவின் நண்பன் பெர்னி ஓல்ஸ் ரீகனை இழுக்கிறான். சூதாட்ட விடுதி நடத்தும் எடி மார்ஸின் மனைவியோடு ரீகன் ஓடிவிட்டான் என்று ஊரே பேசுகிறது. கைகர் விவகாரம் ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, எதிரில் வருகிறவர்கள் எல்லோரும் யாரும் கேட்காத அந்த இன்னொரு வேலையைப் பற்றியே விசாரிக்கிறார்கள். கேட்கக் கேட்க மார்லோவுக்குள் அது வேலையாகவே மாறிவிடுகிறது. துப்பறியும் கதையை இப்படித் தொடங்க ஒரு தனித் துணிச்சல் வேண்டும். வழக்கைக் கொடுத்தவர் தனக்கு உண்மையில் வேண்டியதை வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டால் கெட்ட பதில் வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு.

இந்தப் படத்தை நான் கடையில் வைத்துத்தான் பார்த்தேன். அப்பா காலத்திலிருந்து திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோட்டில் பழைய புத்தகக் கடை நடத்துகிறோம். கடையில் எனக்கு உதவியாக இருக்கும் தம்பி பாதிப் படத்தில், "அக்கா, இந்த ரீகன் எப்பதான் வருவான்?" என்று கேட்டான். "வரமாட்டான்டா, பேசாமப் பாரு" என்றேன். படம் முடிந்தபோது அவனுக்கு யார் யாரைச் சுட்டார்கள் என்பது நினைவில்லை. ரீகனுக்கு என்ன ஆனது என்பதைச் சரியாகச் சொன்னான்.

கடை வைத்திருப்பதால்தானோ என்னவோ, படத்தின் இரண்டு புத்தகக் கடைக் காட்சிகள் எனக்கு மிக நெருக்கமானவை. அரிய புத்தகங்கள் விற்பதாக கைகரின் கடைக்குப் பெயர். மார்லோ நேரே அங்கே போய்விடுவதில்லை. முதலில் ஹாலிவுட் பொது நூலகத்தில் உட்கார்ந்து முதல் பதிப்புகளைப் பற்றிப் படித்துக் குறிப்பெடுக்கிறான். பிறகு கடை வாசலில் தொப்பியின் விளிம்பை மேலே மடக்கி, கறுப்புக் கண்ணாடி மாட்டி, குரலையும் மாற்றிக்கொண்டு, விஷயம் தெரிந்த சேகரிப்பாளன் மாதிரி உள்ளே போகிறான். 'பென்-ஹர்' நாவலின் 1860 மூன்றாம் பதிப்பு இருக்கிறதா, 116ஆம் பக்கத்தில் ஒரு வரி இரண்டு தடவை அச்சாகியிருக்குமே அது, என்கிறான். கல்லாவில் இருக்கும் ஆக்னஸ் இல்லை என்று சொல்லிவிடுகிறாள்.

அவள் அங்கேதான் மாட்டிக்கொண்டாள். லூ வாலஸ் எழுதிய அந்த நாவல் முதன்முதலில் வந்ததே 1880ல். நியூயார்க்கின் ஹார்ப்பர் அண்ட் பிரதர்ஸ் வெளியீடு. 1860ல் மூன்றாம் பதிப்பு இருக்க வழியே இல்லை. புத்தகம் விற்கிறவள் என்றால், அப்படி ஒன்று கிடையாதே என்றாவது சொல்லியிருப்பாள், எங்கே கேள்விப்பட்டீர்கள் என்றாவது திருப்பிக் கேட்டிருப்பாள். எதிர்ச்சாரியில் இருக்கும் ஆக்மி புத்தகக் கடைப் பெண்ணிடம் மார்லோ இதே கேள்வியைக் கேட்கிறான். அவள் உடனே குறிப்பு நூலை எடுத்துப் புரட்டிவிட்டு, அப்படி ஒரு பதிப்பே வந்ததில்லை என்கிறாள்.

பழைய புத்தக வியாபாரத்தில் இது நிஜமாகவே நடக்கிற பரீட்சை. முதல் பதிப்பா, மறு அச்சா என்பதை அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அச்சுப்பிழை, சமர்ப்பணப் பக்கம், பைண்டிங் துணியின் நிறம் மாதிரிச் சின்ன அடையாளங்கள்தான் காட்டிக்கொடுக்கும். பென்-ஹருக்கே அப்படி ஒன்று உண்டு. முதல் அச்சில் வாலஸ் தன் இளமைக்கால மனைவிக்கு என்று மட்டும் சமர்ப்பணம் போட்டிருந்தார். மனைவி இறந்துவிட்டதாக நினைத்து வாசகர்கள் துக்கம் விசாரித்து எழுத ஆரம்பித்தார்கள். அந்த அம்மாள் இன்னும் தன்னோடுதான் வாழ்கிறார் என்று பிறகு வந்த அச்சுகளில் ஒரு வரி சேர்க்க வேண்டியதாயிற்று. சேர்த்த வரி இல்லாத பிரதிக்குத்தான் மதிப்பு. இது தெரிந்த ஒருவரோடு ஐந்து நிமிடம் பேசினால் போதும், எதிரில் இருப்பவர் புத்தகக்காரரா இல்லையா என்பது விளங்கிவிடும். மார்லோ செய்தது அதைத்தான்.

ஆக்மி கடைப் பெண்ணாக வருபவர் டோரதி மலோன். பத்து வருடம் கழித்து வந்த ஒரு படத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் வாங்கியவர். இந்தப் படத்தில் அவருக்குப் பெயர்கூட வைக்கவில்லை. கைகரின் அங்க அடையாளத்தை அவர் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். நாற்பதைத் தாண்டிய வயது, பருத்த உடம்பு, சினிமாத் துப்பறிவாளன் சார்லி சானுக்கு இருப்பதுபோல் மீசை, இடது கண் கண்ணாடியாக இருக்கலாம். ஒரு ஆளை இந்த அளவுக்குக் கவனித்து வைப்பது நல்ல கடைக்காரரின் குணம். பிறகு மழை பிடித்துக்கொள்கிறது, அவர் கடைக் கதவைச் சாத்துகிறார், இருவரும் விஸ்கி குடித்துக்கொண்டே கைகர் வெளியே வரக் காத்திருக்கிறார்கள். அந்தப் பெண் அவ்வளவு அழகாக இருந்ததால்தான் காட்சியை நீட்டினோம் என்று ஹாக்ஸ் பின்னாளில் சொன்னார். அவர் காரணம் அவருக்கு. இந்தப் படத்தில் யாரையும் ஏமாற்றாமல், யாரிடமும் பணம் பிடுங்காமல், தன் தொழிலைத் தெரிந்து வைத்திருக்கும் ஒரே ஆள் அந்தப் பெண் என்பதால் எனக்கு அந்தக் காட்சி இன்னும் நீண்டிருக்கலாம் என்று தோன்றும்.

கைகர் கடையில் உண்மையில் நடந்த வியாபாரம் ஆபாசப் புத்தகங்களை வாடகைக்கு விடுவது. இந்தப் படத்துக்கு மூலமான ரேமண்ட் சாண்ட்லரின் 1939 நாவலில் அது வெளிப்படையாகவே இருக்கிறது. ஹாலிவுட்டில் அப்போது தணிக்கை விதிகள் கடுமையாக இருந்ததால் படத்தில் அதை வாயால் சொல்ல முடியவில்லை. பின்கட்டு அறை, திருட்டு முழியோடு வந்து போகும் ஆட்கள் என்று ஜாடையாகக் காட்டி விட்டுவிடுகிறார்கள். கைகர் வீட்டில் கார்மென் இருக்கும் நிலைக்கும் இதே கதிதான். நாவலில் உடம்பில் துணியில்லாமல் இருப்பவள், படத்தில் சீனப் பட்டு உடையோடு மயக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே ஒரு சிலை, அதன் தலைக்குள் ஒளித்துவைத்த கேமரா, தரையில் கைகரின் பிணம். கேமராவில் இருந்த, படம் பதிந்த பிளேட்டைக் காணோம். இந்தக் கதை தெரியாத பார்வையாளருக்கு, போதையில் இருக்கும் ஒரு பெண்ணை முழு உடையோடு படம் பிடித்ததற்கு ஏன் இவ்வளவு ரகளை என்றுதான் தோன்றும். கதை புரியவில்லை என்ற புகாரில் பாதி இங்கே கிளம்பியது என்பேன்.

மீதிப் பாதிக்குக் காரணம் டிரைவர் ஓவன் டெய்லர். கார்மென் மேல் உயிராக இருந்தவன். அன்றிரவு கைகரைச் சுட்டுவிட்டு பிளேட்டை எடுத்துக்கொண்டு ஓடியவன் அவன்தான். பிராடி அவனைத் துரத்திப் பிடித்து அடித்துப்போட்டு பிளேட்டைப் பிடுங்கிக்கொண்டதாகச் சொல்கிறான். மறுநாள் டெய்லரின் கார் கடலில் கிடக்கிறது, உள்ளே அவன் பிணம். கொலையா, தற்கொலையா? படப்பிடிப்பில் ஹாக்ஸுக்கும் போகார்ட்டுக்கும் இதில் வாக்குவாதம் வந்து, சாண்ட்லருக்கே தந்தி கொடுத்துக் கேட்டார்கள். தனக்கும் தெரியவில்லை என்பதை சாண்ட்லரே பிறகு ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இந்தச் சம்பவத்தை எல்லோரும் வேடிக்கையாகச் சொல்கிறார்கள். எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை. டெய்லருக்கு என்ன ஆனது என்று படத்துக்குள்ளேயே யாரும் மெனக்கெட்டு விசாரிப்பதில்லை. டிரைவர்தானே. ரீகனைப் பற்றி ஊரே கேட்கிறது, ஏனென்றால் அவன் மறைவில் எல்லோருக்கும் பணம் இருக்கிறது. இந்தப் பையன் சாவில் யாருக்கும் காசில்லை.

பிளாக்மெயிலை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய படம் நான் வேறு பார்த்ததில்லை. ஒருவன் மேல் ஒருவனாக நான்கு அடுக்கு வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் கீழே பிராடி: தானாக எதையும் உருவாக்கத் தெரியாது, அடுத்தவன் வைத்திருப்பதைத் தட்டிப் பறித்து அதில் காசு பார்ப்பான். இந்த பிளேட்டை வைத்து விவியனிடம் அவன் கேட்பதும் அதே 5,000 டாலர்தான், அவன் அறிந்த தொகை அது. அவனுக்கு மேலே கைகர்: கடை, வீடு, கேமரா என்று ஏற்பாட்டோடு செய்பவன். அதற்கும் மேலே எடி மார்ஸ்: கைகர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரன் என்று சொல்லிக்கொண்டு நாசூக்காக உள்ளே நுழைபவன். குரலை உயர்த்த மாட்டான். அவன் கையில் இருப்பது போட்டோ கிடையாது, கடன் சீட்டு கிடையாது. ரீகன் எங்கே என்ற ரகசியம் இருக்கிறது.

நாவலின் கடைசி அத்தியாயத்தில் மார்லோ இதை விவியனிடம் அவிழ்த்துச் சொல்கிறான். கைகருக்குப் பின்னால் இருந்தது மார்ஸ்தான். மூத்த மகளைப் பிடிக்க அவனிடம் ஒரு பிடி இருந்தது. அதே பிடி அப்பாவிடமும் செல்லுமா என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அதற்காக கைகரை விட்டு ஒரு சின்னத் தொகையைக் கேட்க வைத்துப் பார்க்கிறான். ஜெனரல் சத்தமில்லாமல் கொடுத்துவிட்டால் அவர் எதற்கோ பயப்படுகிறார் என்று அர்த்தம். அவர் துப்பறிவாளனைக் கூப்பிட்டால் அவருக்கு எதுவும் தெரியாது என்று அர்த்தம். ஆக, படத்தின் முதல் காட்சியில் நாம் பார்க்கும் அந்தக் கடன் சீட்டுகள் ஆழம் பார்க்கப் போட்ட கல். மார்லோ அந்த வீட்டுக்குள் கால் வைத்ததே மார்ஸுக்கு ஒரு பதில். இதைப் படித்த பிறகு படத்தை மறுபடி பார்த்தபோது, மார்ஸ் முதலில் தோன்றும் காட்சியில் அவன் காட்டும் பொறுமைக்கு அர்த்தம் விளங்கியது.

நான்காவது அடுக்கு என்று சொன்னேனே, அது பணம் கொடுப்பவர்கள். ஜெனரல் மகளுக்காகக் கொடுத்தார். விவியன் தங்கைக்காகவும், அப்பாவின் காதுக்கு எதுவும் போய்விடக் கூடாது என்பதற்காகவும் கொடுக்கிறாள். அன்பில்லாதவர்களிடம் பிளாக்மெயில் எடுபடாது. இந்தக் குடும்பத்தில் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசுவதுகூட இல்லை, ஆனாலும் ஒருவரை ஒருவர் காப்பாற்றக் காசைக் கொட்டுகிறார்கள். மார்ஸ் அந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்து உட்கார்ந்துவிட்டான்.

ரீகனுக்கு என்ன ஆனது? நாவலில் அவன் விவியனின் கணவன், அதாவது ஜெனரலின் மாப்பிள்ளை. கார்மென் அவனிடம் ஆசையோடு போகிறாள், அவன் மறுக்கிறான், அவள் சுட்டுவிடுகிறாள். விவியன் மார்ஸிடம் ஓடுகிறாள். உடல் பழைய எண்ணெய்க் கிணற்றின் கசடுக் குழியில் போடப்படுகிறது. மார்ஸ் தன் மனைவி மோனாவை ஊருக்கு வெளியே ஒளித்துவைத்து, இருவரும் ஓடிப்போனதாகக் கதை கட்டுகிறான். ஸ்டெர்ன்வுட் குடும்பத்தின் சொத்தே எண்ணெயில் வந்தது. வீட்டை மேட்டுக்கு மாற்றிக்கொண்டாலும் ஜன்னல் வழியே பழைய கிணறுகள் தெரியும் என்று நாவலின் தொடக்கத்திலேயே சாண்ட்லர் எழுதிவிடுகிறார். அவர் லாஸ் ஏஞ்சலிஸில் எண்ணெய் நிறுவனத்தில் பெரிய பதவியில் இருந்து 1932ல் வேலையை இழந்தவர். அதன் பிறகுதான் எழுத வந்தார். அந்தக் குழிகளின் நாற்றம் அவர் அறிந்தது.

படத்தில் ரீகன் மாப்பிள்ளை இல்லை, சம்பளத்துக்கு இருந்தவன். இந்த மாற்றம் எனக்கு நாவலைவிடப் பிடித்திருக்கிறது. மாப்பிள்ளையைக் காணோம் என்று மாமனார் வருந்துவது ஊர் வழக்கம். எந்த உறவுமுறையும் இல்லாத ஒரு பழைய கடத்தல்காரன் ஏன் சொல்லாமல் போனான் என்று ஒரு ஜெனரல் ஏங்குவதை ஊரில் யாரிடமும் சொல்ல முடியாது. அதனால்தான் அவர் தேடச் சொல்லிக் கேட்கவில்லை. நாவலில் பிற்பகுதியில் ஜெனரல் மார்லோவைக் கூப்பிட்டு, ரீகனைக் கண்டுபிடித்தால் 1,000 டாலர் தருகிறேன் என்று வாய்விட்டே சொல்லிவிடுகிறார். படத்தில் முதல் காட்சிக்குப் பிறகு அவரை நாம் பார்ப்பதேயில்லை. அவர் கேட்காமலே போனதுதான் இன்னும் வலிக்கிறது.

படத்தின் கடைசியில் கார்மென்தான் சுட்டாள் என்பதைத் தணிக்கைக்காகச் சில வாக்கியங்களில் மங்கலாக்கிவிட்டு, பழியை மார்ஸ் தலையில் ஏற்றுகிறார்கள். கைகரின் வீட்டில் மார்லோ துப்பாக்கியைக் காட்டி மார்ஸை வாசலுக்கு விரட்ட, வெளியே காத்திருக்கும் அவன் ஆட்களே, வருவது மார்லோ என்று நினைத்து அவனைச் சுட்டுத் தள்ளுகிறார்கள். பரபரப்பான முடிவுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இவ்வளவு நேரம் தேடிய உண்மையை அடைந்ததும் அதைச் சொல்லாமல் நழுவுவது உறுத்துகிறது.

ஹாரி ஜோன்ஸைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு மனமில்லை. எலிஷா குக் ஜூனியர் நடித்த சின்ன உருவம். ஆக்னஸை உயிராக நேசிக்கிறான். மோனா ஒளிந்திருக்கும் இடத்தை ஆக்னஸ் பார்த்துவிட்டாள், அந்தத் தகவலை 200 டாலருக்கு விற்க மார்லோவிடம் வருகிறான். விற்பது தகவல்தான், மிரட்டல் கிடையாது. கேட்கும் தொகையும் ஊரை விட்டுப் போவதற்கான செலவுதான். குறித்த நேரத்துக்கு மார்லோ போகும்போது மார்ஸின் அடியாள் கனீனோ முந்திக்கொண்டிருக்கிறான். பக்கத்து அறை இருட்டில் நின்று மார்லோ எல்லாவற்றையும் கேட்கிறான். ஆக்னஸ் எங்கே என்று கனீனோ துப்பாக்கியோடு கேட்க, ஹாரி பயந்து நடுங்கிக்கொண்டே ஒரு விலாசத்தைச் சொல்கிறான். விஷயம் சுமுகமாக முடிந்ததுபோல் கனீனோ ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுக்கிறான். அதில் சயனைடு. கனீனோ போன பிறகுதான் மார்லோவுக்குத் தெரிகிறது, ஹாரி சொன்ன விலாசம் பொய். சாகும்வரை அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பிறகு மார்லோ ஆக்னஸைச் சந்தித்து அந்த 200 டாலரைக் கொடுத்துவிடுகிறான். ஹாரி செத்துவிட்டான், பேரம் முடிந்தது என்று விட்டிருக்கலாம். விடவில்லை. படம் முழுக்கக் கை மாறும் பணத்தில் நேர்மையாகக் கொடுக்கப்பட்ட பணம் அதுதான்.

படம் 1944 அக்டோபரில் தொடங்கி 1945 ஜனவரியில் முடிந்தது. திரைக்கதை எழுதியவர்கள் வில்லியம் ஃபாக்னர், லீ பிராக்கெட், ஜூல்ஸ் ஃபர்த்மன். பிராக்கெட்டின் துப்பறியும் நாவல் ஒன்றைப் படித்துவிட்டு, எழுதியது ஆண் என்று நினைத்துத்தான் ஹாக்ஸ் கூப்பிட்டனுப்பினார். வந்து நின்றது இருபதுகளில் இருந்த ஒரு பெண். போர் முடியப்போகிறது என்று தெரிந்ததும் வார்னர் பிரதர்ஸ் தன்னிடம் இருந்த போர்ப் படங்களை முதலில் வெளியிட, இந்தப் படம் பெட்டியில் கிடந்தது. 1945ல் வெளிநாட்டில் இருந்த அமெரிக்கப் படையினருக்கு மட்டும் போட்டுக் காட்டினார்கள். இதற்கிடையே போகார்ட்டும் பகாலும் திருமணம் செய்துகொண்டார்கள், பகால் நடித்த வேறொரு படத்துக்கு விமர்சனம் மோசமாக வந்தது. பகாலைக் காப்பாற்றக் கூடுதல் காட்சி எடுங்கள் என்று அவருடைய ஏஜென்ட் சார்லஸ் ஃபெல்ட்மன் ஜாக் வார்னருக்குக் கடிதம் எழுதினார். 1946 ஜனவரியில் மறுபடி படப்பிடிப்பு. குதிரைப் பந்தயத்தைச் சாக்காக வைத்து இருவரும் பேசும் புகழ்பெற்ற காட்சி அப்போது சேர்ந்ததுதான். அதற்கு இடம் கொடுக்க, அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் மார்லோ அதுவரை நடந்ததை எல்லாம் விளக்கும் நீளமான காட்சியை வெட்டினார்கள். கார்மெனாக நடித்த மார்த்தா விக்கர்ஸின் காட்சிகளும் குறைந்தன. அந்தப் பெண் பகாலைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டதால்தான் வெட்டினார்கள் என்று சாண்ட்லர் தன் லண்டன் பதிப்பாளருக்கு எழுதினார். கட்டைவிரலைக் கடித்துக்கொண்டு விக்கர்ஸ் சிரிக்கும் ஒரு காட்சியைப் பார்த்தாலே அவர் சொன்னதில் உண்மை இருப்பது தெரியும்.

1945 பிரதி தொண்ணூறுகளில் மீட்டெடுக்கப்பட்டு இப்போது டிவிடியில் இரண்டும் கிடைக்கின்றன. முதலில் 1946 படத்தைப் பாருங்கள். பகாலும் போகார்ட்டும் சேர்ந்து வரும் காட்சிகளில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. யார் யாரைக் கொன்றார்கள் என்று அப்போதும் தூக்கம் வராவிட்டால், வெட்டப்பட்ட அந்த அலுவலகக் காட்சிக்காக 1945 பிரதியைப் போடுங்கள். நாவலையும் வாங்கிப் படியுங்கள், ஜெனரல் படுக்கையில் கிடந்தபடி ரீகனைக் கண்டுபிடிக்கச் சொல்லும் முப்பதாம் அத்தியாயத்துக்காகவாவது. என் கடையில் இப்போதைக்கு ஒரு பிரதி இருக்கிறது, பெங்குவின் பதிப்பு, முதுகு கொஞ்சம் விட்டிருக்கிறது, பக்கங்கள் எல்லாம் முழுசாக இருக்கின்றன.